இடம் விட்டு எடுத்த படங்கள்

1

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார். சித்திரை முதல் நாள் வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படம். அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நடுவில் அம்மா. கீழே ஒரு வரி எழுதியிருந்தார். "பாக்கோணும் பாக்கோணும்னியே, பாத்துக்க அம்மணி."

கேட்டது நான்தான். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் முதலமடைத் தோப்பில் மாமரம் பூத்த காலத்தில் அம்மாவோடு கடைசியாகப் பேசினேன். பிறகு கண் ஆபரேஷன் என்றார்கள், போன் வெளிச்சம் படக்கூடாதாம். பிறகு காது மந்தமாகிவிட்டதாம். அதற்குப் பிறகு எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பூ பிஞ்சாகி, பிஞ்சு காயாகி, காய் லாரி ஏறும் காலமும் வந்துவிட்டது. ஒரு மனுஷி இவ்வளவு தூங்குவாளா என்று நேற்று அண்ணனிடம் சண்டை போட்டேன். அதற்குப் பதில்தான் இந்தப் படம்.

பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. அம்மா நீலச் சேலையில் நிமிர்ந்து நின்றாள். முகத்தில் ஒரு குறையும் இல்லை. போனை மேசையில் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன். இரண்டு கிழங்குதான் உரித்திருப்பேன். திரும்பவும் போனை எடுத்தேன். எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. ஏதோ தப்பு என்று மட்டும் தெரிந்தது.

2

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிலருக்கு எங்கள் வீட்டுக் கூடத்தைத் தெரிந்திருக்கும். கோவிந்தாபுரம் போகிற வழியில், தோப்புக்கு நடுவே இருக்கிற வீடு. கூடத்துச் சுவர் நிறையப் படங்கள். அண்ணன் வீடு கட்டிப் பால் காய்ச்சியது, அண்ணி தம்பியின் கல்யாணம், அண்ணன் மகளுக்குக் காது குத்தியது. எல்லாவற்றிலும் நான், என் வீட்டுக்காரர், மகன் ஆதி மூவரும் இருக்கிறோம். நாங்கள் சுவீடனுக்கு வந்த பிறகு நடந்த விசேஷங்கள் அவை. ஒன்றுக்குக்கூட நாங்கள் போகவில்லை.

விஷயம் எளிது. குரூப் போட்டோ எடுக்கும்போது எங்களுக்கு இடம் விடுவார்கள். ஸ்டுடியோ பழனியண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்துவார். "வெளிநாட்டுக்காரங்களுக்கு எடம் உடுங்! இன்னும் ஒரு ஆளு எடம் உடுங்!" சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து நடுவில் ஒரு சந்து விட்டு நிற்பார்கள். அதற்குள் இங்கே எனக்கு உத்தரவு வந்துவிடும். பட்டுச் சேலை கட்டோணும், வலதுபக்கம் வெளிச்சம் விழோணும், முகம் லேசா இடதுபக்கம் திரும்பியிருக்கோணும். நாங்கள் சமையலறைச் சுவரில் வெள்ளைப் போர்வையை மாட்டி, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மல்லிகைக்குப் பதிலாகத் துணிப்பூ வைத்துக்கொண்டு நிற்போம். பழனியண்ணன் எங்களை வெட்டி அந்தச் சந்தில் நட்டுவிடுவார்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் புதிதாக எடுத்து அனுப்பினோம். பிறகு அவரே வேண்டாமென்றுவிட்டார். "உங்க மூணு பேரு பைலும் எங்கிட்ட இருக்குதுங் அம்மணி. சேலை நெறத்த மாத்திக்கலாம், மூஞ்சியத் திருப்பிக்கலாம். நீங்க கஷ்டப்படாதீங்." எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்தக் கதைதான். வேலையும் போகக்கூடாது, விசேஷத்திலும் இருக்க வேண்டும்.

3

எந்த இடத்தில் சந்து விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு ஊர் உடும்பஞ்சோலை. அவருடைய அப்பா அங்கே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்த்தவர். எங்கள் வீட்டில் எல்லோரும் எதிர்க்க எதிர்க்கத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணப் படம் ஒன்றே ஒன்று. அதை அண்ணன் பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்தார். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நாங்கள் நேரில் போயிருந்தோம். நின்றது கடைசி வரிசை ஓரம். படம் வந்தபோது இவருடைய பாதித் தோள்தான் அதில் இருந்தது.

நாங்கள் விமானம் ஏறியதற்கு அடுத்த விசேஷத்திலேயே சந்து நடுவுக்கு நகர்ந்தது. மணமக்களுக்கு அடுத்த இடம். நேரில் நின்றபோது கிடைக்காத இடம், இல்லாதபோது கிடைத்தது. பீரோவுக்குப் பின்னால் கிடந்த கல்யாணப் படமும் பெரிதாகிச் சுவரில் ஏறியது. பழனியண்ணன் அதில் இவரை நன்றாக வெளுத்திருந்தார். உடும்பஞ்சோலை மழையும் பாலக்காட்டு வெயிலும் தொட்டேயிராத ஆள் மாதிரி இருந்தார். பக்கத்தில் குடையோடு நின்ற என் மாமனார் படத்தில் இல்லை. குடைக் கம்பி ஒன்று மட்டும் ஓரத்தில் மிச்சமிருந்தது. அவரை வெட்டினவர் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

"எங்கய்யாவ எங்க புள்ள?" என்று இவர் கேட்டார்.

"படத்துக்கு எடம் பத்தலையாம்" என்றேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூடத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "மாப்ள வெளிநாட்டுலீங்களா?" என்று கேட்பதை அம்மா சொல்லச் சொல்ல, வெட்கத்தை விடச் சந்தோஷம் ஒரு படி மேலே நின்றது. மறைப்பானேன்.

4

அம்மாவுக்குப் போன் ஒத்து வராது. வீடியோவில் கூப்பிட்டாலும் போனைக் காதில்தான் வைத்துக்கொள்வாள். அவளோடு பேசிய காலமெல்லாம் நான் பார்த்தது அவள் காதையும் கல் வைத்த தோட்டையும்தான். "மூஞ்சியக் காட்டும்மா" என்றால், "எம்மூஞ்சி என்ன, புதுசாவா மொளச்சிருக்குது?" என்பாள்.

அண்ணன் மகளின் காதுகுத்துக்கு முன்னால் அவளே என்னைக் கூப்பிட்டாள். அதிசயம்தான்.

"ஆதி இப்ப எவ்வளவு ஒசரம் கண்ணு?"

"ஏம்மா?"

"பழனி போட்டோ எடுக்கறபோது எம்பேரன் தோளு மேல கை வெச்சுட்டு நிக்கோணும். வெறும் எடத்துலதான் வெக்கோணும். அதான் எவ்வளவு ஒசரத்துல வெக்கறதுன்னு கேட்டேன்."

ஆதியை நிறுத்திப் பார்த்துவிட்டு, உன் இடுப்புக்கு ஒரு சாண் மேலே என்று சொன்னேன். காதுகுத்தன்று மாரியம்மன் கோயில் வாசலில், அம்மா காற்றில் கையை ஊன்றியபடி நின்றிருக்கிறாள். மூட்டு வலிக்காரி. உட்காரச் சொன்னதற்கும் கேட்கவில்லையாம். "கை கடுக்குது பழனி, வெரசா எடு" என்று அவள் சொன்னதையும் எல்லோரும் சிரித்ததையும் அண்ணி எனக்குச் சொன்னாள். படம் வந்தது. ஒன்பது வயது ஆதி அந்தக் கைக்குக் கீழே நின்று சிரிக்கிறான். பச்சைப் பட்டில் நான் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி இங்கே ஹாலில் மாட்டியிருக்கிறோம். ஆதிக்கு இப்போது பதின்மூன்று வயது. வீட்டில் தமிழைவிட சுவீடிஷ்தான் அதிகம் பேசுகிறான். போன வருஷம் பள்ளியில், மறக்க முடியாத நாள் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். இவன் காதுகுத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். வெயில் சுட்டதாம், ஆட்டைக் கண்டு பயந்தானாம், தோள் மேல் வைத்த அம்மாயி கை கனமாக இருந்ததாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் வீட்டுக்கு வந்து, "டேய், நாம அங்க போகவே இல்லடா" என்றேன். அவன் சுவரைக் காட்டினான்.

"போனோம். எனக்கு ஞாபகம் இருக்கு."

கோபத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் மறதி என்பது போலப் பொறுமையாகச் சொன்னான். பிள்ளையை நினைத்து எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

5

இந்த நாட்டுக்காரர்களுக்கும் படம் என்றால் உயிர். ஆனால் அவர்கள் கேட்பது வேறு படம். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க மனுப் போட்டிருக்கிறோம். முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை. மனுவோடு சேர்த்துப் படம் எடுக்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சிரிக்கக்கூடாது, காது தெரிய வேண்டும், முகத்தில் நிழல் கூடாது. மூன்று முறை எடுத்தும் எந்திரம் என்னை ஒப்புக்கொள்ளவில்லை. பொட்டை எடுத்தேன். நாலாவது முறை ஒப்புக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் திரையில் இருந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். எதிரில் நின்ற என்னை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை சுவீடிஷில் இரண்டு தரம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். மனுப் போட்ட பிறகு குடும்ப நிலையில் ஏதாவது மாற்றம் உண்டா?

"இல்லை" என்றேன்.

வெளியே வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அம்மா தூங்குவதாகச் சொன்னார்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு, படத்தை விரலால் அகட்டி அகட்டிப் பார்த்தேன்.

முதலில் வாசல். சித்திரை முதல் நாள் என்கிறார்கள், நிலையில் மாவிலை இல்லை. சுற்றிலும் மாந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில், வருஷப் பிறப்பன்று தோரணம் இல்லை. அண்ணி தலையில் பூ இல்லை. பிள்ளைகள் உடுத்தியிருப்பது பழைய துணி.

அப்புறம் நாற்காலி. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி காலியாக இருக்கிறது. குடும்பப் படத்தில் நாற்காலி போட்டால் மூத்தவர்தான் அதில் உட்காருவார். மூட்டு வலிக்காரி அம்மா காலி நாற்காலிக்குப் பக்கத்தில் ஏன் நிற்கிறாள்?

அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தேன். அம்மாவின் வலது கை நாற்காலியின் முதுகு மேல் இருப்பது போல இருந்தது. பெரிதாக்கினால், இல்லை. மரத்துக்கும் கைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. விரல்கள் லேசாக வளைந்து எதையோ பிடித்திருக்கின்றன. அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கையைத் தெரியும். தினமும் எங்கள் ஹாலில் பார்க்கிற கைதான். ஆதியின் தோளுக்காக அம்மா காற்றில் ஊன்றிய கை.

எத்தனையோ வருஷம் வெட்டி ஒட்டப்பட்டவள் நான். ஒட்டினது எனக்குத் தெரியாமல் போகுமா?

அண்ணனைக் கூப்பிடவில்லை. நேராகப் பழனியண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏனுங் அம்மணி, நல்லா இருக்கறீங்களா? தம்பி நல்லா இருக்கறானுங்களா?"

"அண்ணா, சித்திரைக்கு எடுத்த படம் பார்த்தேன். அம்மா..."

மேற்கொண்டு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். அவர் மெதுவாக, வேலையில் குறை கண்டுபிடித்துவிட்டார்களே என்ற சங்கடத்தோடு கேட்டார்.

"சேர் மேல கை உக்காரலீங்களா?"

அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. எழுந்து அணைக்க முடியவில்லை.

"எப்பங்ண்ணா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் வந்தது.

"அய்யோ, அம்மணிக்கு இன்னும் சொல்லலீங்களா? மாப்ளைக்குத் தெரியும்னாங்களே... பூப் பூத்திருந்தபோதுங். தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒரு கஷ்டமும் படல." அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. "நீங்க மனசு உடாதீங். கடைசிப் படத்துல உங்களுக்கு எடம் உட்டுத்தான் எடுத்தனுங். தலைமாட்டுலயே உட்டேன்."

7

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்த இவரிடம் படத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. நீ கெளம்பிப் போயிட்டா திரும்ப வர முடியாதுல்லா. பயலோட படிப்பு என்ன ஆகும்? பெர்மிட்டு வந்ததும் சொல்லிரலாம்னாரு. நான் என்ன புள்ள செய்ய?"

இத்தனை நாளும் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறதாம் என்று என்னிடமே விசாரித்த மனுஷன். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவருடைய அப்பாவைப் படத்திலிருந்து வெட்டியபோது நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. அடிக்கவில்லை.

அண்ணன் போனில் வெகுநேரம் அழுதார். அம்மாவே என்னைக் கூப்பிட வேண்டாமென்று சொன்னதாகச் சொன்னார். சொல்லியிருக்கலாம். தூக்கத்தில் போனவள் அதை எப்போது சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

"அந்தப் படத்த அனுப்புங்க அண்ணா" என்றேன்.

"எந்தப் படம்?"

"தலைமாட்டுல எடம் உட்டு எடுத்தது."

தயங்கினார். அப்புறம் அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. "மக வரலைன்னு நாளைக்கு ஒரு வார்த்த வரக்கூடாது பாரு அம்மணி. அன்னைக்கு வந்தவங்க பத்து வருசத்துல மறந்துருவாங்க. படந்தான் நிக்கும். இன்னைக்கே ஊட்டுக்கு வர்றவங்க, 'மக வந்திருந்தாப்பல இருக்குதே'ங்கறாங்க. நான் ஆமாங்கறேன்."

படம் வந்தது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலும் குரூப் போட்டோ உண்டு. மலையாளத்துக்காரர்களிடமிருந்து வந்து எங்களோடும் ஒட்டிக்கொண்ட வழக்கம். வாசலில் பெஞ்சு மேல் அம்மா படுத்திருக்கிறாள். தாடையில் நாடிக்கட்டு, நெற்றியில் திருநீறு, காதில் அதே தோடு. சுற்றிலும் அண்ணன், அண்ணி, பங்காளிகள், எல்லோருக்கும் வீங்கிய முகம். தலைமாட்டில் நானும் ஆதியும். பழனியண்ணன் என் சேலையைப் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாற்றியிருக்கிறார். பூவை எடுத்துவிட்டார், ஆதியின் முகத்தைக் குனிய வைத்துவிட்டார். நிழலைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறார். என் வாயை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காதுகுத்துக்காக நான் சிரித்த சிரிப்பு அப்படியே இருக்கிறது.

அது இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. நாங்கள் யாரும் இல்லாத காலத்திலும் அங்கேதான் இருக்கும். என் அம்மாவின் தலைமாட்டில் ஒரு மகள் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

8

ஆதியிடம் நானே சொல்ல வேண்டும் என்று இவர் சொன்னார். மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவனைச் சமையலறையில் உட்கார வைத்தேன். அம்மாயி செத்துப் போய்விட்டாள் என்பதை எந்த மொழியில் சொல்வது என்று தடுமாறி, இரண்டு மொழியிலும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றான்.

காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஊர்ச் சுவரில் தொங்குகிற படத்தை இவனிடமிருந்து எத்தனை நாள் ஒளிப்பது? இதை எடுக்கும்போது நாம் அங்கே இல்லை, இது ஒட்டியது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனைக் கொடுத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தான். என்னைப் போல விரலால் அகட்டியும் பார்த்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லடா, இது பொய் என்று சொல்லடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அன்றைக்கு அவன் சொல்லப்போகிற ஒரு வார்த்தையைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்தான். காதுகுத்தைச் சொன்ன அதே பொறுமையோடு, என் கையை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா. அம்மாயி தூங்கிட்டு இருந்தாங்க. எல்லாரும் அழுதாங்க. நீ மட்டும் சிரிச்சே."